சஸ்பீரியா: ஒரு ஏமாற்றத்தின் சரித்திரம்

1

பார்க்காத படங்களைப் பற்றி நாம் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தோம். இதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேறி சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் ஒரு திரைப்பட விழாவில் நாலு நாள் கிடந்துவிட்டு வந்த நண்பர் வாய்மொழியாகச் சொன்னதும், யாரோ கொண்டுவந்த அந்நிய சினிமாப் பத்திரிகையில் கண்ட அரைப் பக்கமும், மங்கலான ஒரு புகைப்படமும்தான் நமக்குக் கிடைத்த உலக சினிமா. மீதியை நம் மனம் சிருஷ்டித்துக்கொண்டது. அப்படிச் சிருஷ்டித்துக்கொண்ட படங்களில் டேரியோ அர்ஜென்ட்டோவின் 'சஸ்பீரியா' ஒன்று. 1977இல் வெளிவந்த இத்தாலியப் படம். பயத்தை வண்ணத்தால் எழுதிய படம் என்றார்கள். கதையை உதறிவிட்டு பீதியை மட்டும் மிச்சம் வைத்த படம் என்றார்கள். தமிழில் பேய்ப்படம் என்றாலே சலங்கை ஒலியும் வெள்ளைப் புடவையும் என்றிருந்த நமக்கு இது போதுமானதாக இருந்தது. பார்க்காமலேயே அதை ஒரு மகத்தான படைப்பு என்று இரண்டு கட்டுரைகளில் நான் குறிப்பிட்டிருக்கிறேன்.

படத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை வீடியோ காசெட்டில், அம்பாசமுத்திரத்தில் ஒரு நண்பர் வீட்டில். ஏமாற்றமாக இருந்தது. 'நீர் பார்த்தது அமெரிக்காவில் வெட்டி வெளியிட்ட பிரதி, அதில் ஆறேழு நிமிஷம் போய்விட்டது' என்றார் ஒரு ரசிகர். சில வருஷம் கழித்து வெட்டப்படாத பிரதி குறுந்தகட்டில் வந்தது. பார்த்தேன். 'வண்ணம் சரியில்லாத பிரதி, அசல் டெக்னிக்கலர் அச்சை நீர் பார்க்கவில்லை' என்றார்கள். 2017இல் அந்த வண்ணமும் மீட்கப்பட்டு, புதுப்பித்த பிரதி வெளியாயிற்று. அதையும் பார்த்தாயிற்று. இப்போது, 'இதை வீட்டில் பார்க்கக்கூடாது, கொட்டகையில் பெரிய திரையில், காது செவிடாகும் சப்தத்தில் பார்க்கவேண்டும்' என்கிறார்கள். ஒரு படைப்பின் மகத்துவம் எப்போதும் நம் கைக்கு வராத பிரதியிலேயே தங்கியிருக்குமானால், அது பக்தியின் இலக்கணம். விமர்சனத்துக்கு அங்கே வேலை இல்லை.

2

முதலில் படத்துக்குச் சேரவேண்டியதைச் சேர்த்துவிடுகிறேன்.

ஆரம்பம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஸூஸி பானியன் என்ற அமெரிக்கப் பெண் நடனம் பயில ஜெர்மனிக்கு வருகிறாள். விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியேயிருந்து ஒரு இசை உள்ளே வருகிறது, மூடும்போது நின்றுவிடுகிறது. அவள் கதவைத் தாண்டியதும் மழை, காற்று, அந்த இசை எல்லாம் ஒன்றாக அவள்மேல் விழுகின்றன. 'காப்ளின்' என்ற இத்தாலிய ராக் குழுவின் இசை. அதைப் படப்பிடிப்பிலேயே உரக்கப் போட்டு நடிகைகளை நடிக்க வைத்தாராம் அர்ஜென்ட்டோ. வசனத்தைப் பிறகுதான் சேர்ப்பது என்பது இத்தாலியில் நெடுநாள் வழக்கம் என்பதால் இது சாத்தியமாயிற்று. ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலி, வழக்கொழிந்துகொண்டிருந்த டெக்னிக்கலர் அச்சு முறையைப் பயன்படுத்தி, டிஸ்னியின் 'ஸ்நோ வொயிட்' படத்துச் சிவப்பையும் நீலத்தையும் மனித முகங்களின்மேல் கொட்டினார். மாணவிகளைச் சிறுமிகளாகவே வைக்கத்தான் அர்ஜென்ட்டோ முதலில் நினைத்தார். தயாரிப்பாளரான அவருடைய தகப்பனார் சம்மதிக்கவில்லை. ஆகவே வளர்ந்த நடிகைகளை வைத்துக்கொண்டு, கதவுகளின் கைப்பிடிகளை உயரத்தில் பொருத்தினார்கள். கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது அவர்கள் குழந்தைகளாகிவிடுகிறார்கள். இது ஒரு கலைஞனின் யோசனை. சந்தேகமில்லை.

ஆனால் முதல் கொலைக்குப் பிறகு படம் இறங்கத் தொடங்குகிறது. வண்ணக் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் உடல் தொங்குகிறது. அதற்கு மேலே போக அர்ஜென்ட்டோவிடம் ஒன்றுமில்லை. கூரையிலிருந்து புழுக்கள் விழுகின்றன. குருட்டுப் பியானோக்காரனை அவனுடைய நாயே கடித்துக் கொல்கிறது. ஒரு பெண் கம்பிச் சுருள்கள் நிறைந்த அறையில் விழுந்து சாகிறாள். ஒவ்வொன்றும் தனித்தனி வித்தை. இவர்கள் யார், ஏன் சாகவேண்டும் என்ற கேள்வி வரும்போது, ஒரு மனநல மருத்துவரும் ஒரு பேராசிரியரும் வெயிலில் நின்றுகொண்டு சூனியக்காரிகளைப் பற்றி நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். கடைசியில் சுவரில் வரைந்த பூவைத் திருகினால் ரகசியக் கதவு. உள்ளே ஹெலெனா மார்க்கோஸ் என்ற கிழட்டுச் சூனியக்காரி. ஒரு கண்ணாடி இறகால் ஸூஸி குத்துகிறாள். கிழவி செத்ததும் கட்டடம் தீப்பற்றுகிறது. ஸூஸி மழையில் நடந்து வெளியே வந்து புன்னகை செய்கிறாள்.

இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டேன். இந்தச் சிவப்பையும் பச்சையையும் நான் சிறுவயதிலேயே பார்த்தவன். 1978இல் தெலுங்கில் வந்து தமிழ் பேசிய விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யில், பேய் தன் காலையே விறகாக அடுப்பில் நீட்டிச் சமைக்கும். மணல் குவித்து உட்கார்ந்த டூரிங் டாக்கீஸ் கூட்டம் வீறிட்டது, உடனே சிரித்தது. விட்டலாச்சார்யாவைக் கேலி செய்த நாம், அதே காரியத்தை ரோமாபுரிக்காரர் செய்தபோது அழகியல் என்றோம். அவரிடம் இருந்த விளையாட்டுப் புத்திகூட இவரிடம் இல்லை.

3

இந்தக் கியாதி எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

இத்தாலியில் துப்பறியும் கதைக்கு 'ஜாலோ' என்று பெயர். மஞ்சள் என்று அர்த்தம். 1929இல் மோந்ததோரி என்ற பதிப்பகம் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்களை மலிவு விலையில் கொண்டுவந்தது. அட்டையின் நிறமே அந்த இலக்கிய வகையின் பெயராகிவிட்டது. முசோலினியின் ஆட்சிக்கு இந்தப் புத்தகங்கள் பிடிக்கவில்லை. பாசிச இத்தாலியில் குற்றம் நடக்கும் என்று காட்டுவதே குற்றம். 1941இல் அந்த வரிசை நிறுத்தப்பட்டது. யுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தது. சினிமாவில் பயத்துக்கு 1957இல் ரிக்கார்தோ ஃப்ரேதா வழி திறந்தார். அவருடைய ஒளிப்பதிவாளராக இருந்த மாரியோ பாவா 1960களில் அதை வண்ணமாக்கினார். 1964இல் அவர் எடுத்த 'ரத்தமும் கருப்பு ஜரிகையும்' படத்தைப் பார்த்தவர்களுக்கு, சஸ்பீரியாவின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். குறைந்த பணத்தில் இரண்டு மூன்று விளக்குகளோடு அதைச் செய்தவர் பாவா. புகழ் மாணவனுக்குப் போயிற்று.

படத்தின் தலைப்பு தாமஸ் டி குவின்ஸி 1845இல் எழுதிய 'சஸ்பீரியா தெ ப்ரொஃபுண்டிஸ்' என்ற நூலிலிருந்து வந்தது. ஆழங்களிலிருந்து எழும் பெருமூச்சுகள் என்று பொருள். அபினுக்கு அடிமைப்பட்டவன் தன் கனவுகளையும் இளவயதுத் துக்கத்தையும் பற்றி எழுதியது. அதில் துக்கத்தின் மூன்று தேவியர் வருகிறார்கள். கண்ணீரின் தாய், பெருமூச்சின் தாய், இருளின் தாய். டி குவின்ஸியின் பெருமூச்சு, அழக்கூட உரிமையில்லாதவர்களின் பெருமூச்சு: அடிமை, கைதி, அகதி. படத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது. பெருமூச்சு என்று நமக்குக் கேட்பது கிழவியின் குறட்டைதான்.

வெட்டப்பட்ட பிரதிகள், சில நாடுகளின் தணிக்கை, கைக்குக் கை மாறிய வீடியோ காசெட்டுகள், ரசிகர்களின் சிறு பத்திரிகைகள்: இவையெல்லாம் சேர்ந்து படத்தைச் சுற்றி ஒரு ரகசிய சபையை உண்டாக்கின. கிடைக்காதது மகத்தானது என்பது அந்தச் சபையின் விதி. இதைச் சொல்லும்போது எனக்கு நம் சபையின் நினைவும் வருகிறது. முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில், படிக்காத நாவலைப் பற்றி, படித்த நாலு பேரின் தைரியத்தில் எழுதியவர்கள் நாம். பிறகு அந்த நாவல் கைக்கு வந்தபோது, ஏமாந்ததை எத்தனை பேர் எழுதினோம்?

4

எனக்கு ஏமாற்றத்தைவிட ஆத்திரம் மிஞ்சியதற்கு வேறு காரணம் உண்டு. சஸ்பீரியா ஒரு விடுதிப் பள்ளியின் கதை. பெரியவர்களின் நிர்வாகம், அவர்கள் பொறுப்பில் விடப்பட்ட இளையவர்கள், இரவில் கேட்கும் காலடிகள், வெளியே சொல்லமுடியாத ஒரு கொலை. இப்படி ஒரு விடுதியும் இப்படி ஒரு இரவும் நம் சரித்திரத்தில் உண்டு. அதன் நிழல் எங்கள் ஊர் மலைமேல் இன்றும் கிடக்கிறது.

சென்னை தேனாம்பேட்டையில் 'நியூயிங்டன்' என்று ஒரு மாளிகை இருந்தது. தகப்பனை இழந்த மைனர் ஜமீன்தார்களை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அங்கே வைத்துப் படிக்க வைத்தது. ஜமீனின் வரவு செலவு சர்க்கார் கையில். வாரிசு சர்க்கார் விடுதியில். அவர்களை இங்கிலீஷ் கனவான்களாக்குவது திட்டம். விடுதியின் தலைவர் கிளெமென்ட் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர். 1919 அக்டோபரில் ஓர் இரவு, படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். சந்தேகம் விடுதியில் இருந்த இரண்டு திருநெல்வேலிச் சீமை மைனர்கள்மேல் விழுந்தது. ஒருவர் கடம்பூர்; மற்றவர் சிங்கம்பட்டி. சிங்கம்பட்டி மைனர் அப்ரூவரானார். சென்னையில் பரபரப்பு அதிகமாயிருந்ததால் வழக்கு பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கடம்பூர் மைனர் விடுதலையானார். கொலைக்குக் காரணம் பலவிதமாகப் பேசப்பட்டது. தீர்ப்பு எதையும் தீர்க்கவில்லை. சுட்டது யார் என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லாமலே விட்டது.

பம்பாய் வழக்குக்கு ஆன செலவில் சிங்கம்பட்டி ஜமீன் கடனில் மூழ்கியது என்பது எங்கள் பக்கத்தில் நிலைத்துவிட்ட செய்தி. வழக்குக்கும் அடுத்து நான் சொல்லப்போவதற்கும் இடையில் பத்து வருஷம் இருக்கிறது. ஒரு ஜமீனின் கடன் ஒரே வழக்கால் வருவதில்லை என்பதையும் சரித்திரம் படிக்கிறவன் மறக்கக்கூடாது. ஆனால் 1929இல் நடந்தது காகிதத்தில் இருக்கிறது. மஞ்சள் அட்டை நாவல்கள் இத்தாலியில் வெளிவரத் தொடங்கிய அதே வருஷம், சிங்கம்பட்டி ஜமீன் மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் காட்டில் சுமார் 8,374 ஏக்கரை, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது.

இந்தக் கம்பெனிக்கும் அரசர்களுக்கும் பழைய பரிச்சயம் உண்டு. 1863இல் ஏற்பட்டது. பர்மாத் தேக்கு வியாபாரம். கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதாக மாந்தளை தர்பார் அதற்குப் பெரிய அபராதம் விதித்தது. அந்தத் தகராறு 1885இல் மூன்றாம் பர்மா யுத்தத்துக்குச் சாக்காயிற்று. தீபா மன்னர் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே யுத்தம் தேவைப்பட்டது. சிங்கம்பட்டியில் ஒரு பத்திரமே போதுமாயிருந்தது.

காடு வெட்டப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் உண்டாயின. கீழே நெல்லைச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து, கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். 1952இல் ஜமீன் ஒழிப்பு வந்து நிலம் சர்க்காருடையதாயிற்று. குத்தகை மட்டும் ஒழியவில்லை. ஜமீன்தார் போனார், அவர் போட்ட கையெழுத்து தங்கிவிட்டது. 1988இல் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் 2020இல் காலமாகும் வரை ஆடி அமாவாசையன்று காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் வீற்றிருந்து ஜனங்களுக்குத் தரிசனம் தந்துகொண்டிருந்தார். அந்த உடையைப் பார்க்கக் கூட்டம் கூடும். பத்திரத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

5

குறுந்தகட்டில் சஸ்பீரியாவை இரண்டாம் தடவை பார்த்த சில நாட்களில், மணிமுத்தாறு வழியாக மலை ஏறும் பஸ்ஸில் மாஞ்சோலைக்குப் போனேன். பக்கத்து சீட்டில் எஸ்டேட்டில் இலை பறித்து ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு அம்மாள். வெளியே பனிமூட்டம். மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அர்ஜென்ட்டோவின் விளக்குகள் தேவைப்படாத இடம். படத்தின் பாதிப்பில் அசட்டுத்தனமாக அவரிடம் கேட்டேன்.

"ஆச்சி, மேல பேய் பிசாசு உண்டா?"

"பேயா?" என்று சிரித்தார். "அதுக்கு ஏது தம்பி நேரம்? விடியக்காலம் மஸ்டருக்குப் போயி நிக்கணும். மழை, அட்டை, யானை, இதுக்குத்தான் பயம்." கொஞ்ச தூரம் போனபின் தானாகவே சொன்னார்: "வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும். பொறந்ததே அந்த லயத்துலதான். கீழ எறங்கி எங்க போயி இருக்க? ராத்திரி முழிச்சா அந்த நெனப்புதான்."

ராத்திரியில் முழித்துக்கொள்வதில்தான் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் தொடங்குகிறது. அந்தத் தொகுப்பு வெளிவந்தது 1943இல். எழுதிப் பிழைக்கும் ஒருவன், அவன் மனைவி, வேலைக்கு அவள் சேர்த்துக்கொண்ட ஒரு பிச்சைக்காரி, நடுநிசியில் ஒரு வாடை, அவ்வளவுதான் சாமான். சுவரில் பூவைத் திருகும் ரகசியக் கதவு இல்லை. பேராசிரியர் வந்து விளக்கம் சொல்வதில்லை. பேய் உண்டா என்பதற்கு இறுதிவரை தீர்ப்புக் கிடையாது. நம்பிக்கை இல்லாதவனுக்கு வரும் பயத்தை எழுதியிருக்கிறார். பயத்துக்கு விளக்கம் கொடுத்தால் பயம் செத்துவிடும் என்று திருநெல்வேலிக்காரருக்குத் தெரிந்திருந்தது, முப்பது வருஷம் கழித்து வந்த ரோமாபுரிக்காரருக்குத் தெரியவில்லை. இதில் ஊர் அபிமானம் ஒன்றும் கிடையாது. புதுமைப்பித்தனுக்கு நம் ஊர் என்ன மரியாதை செய்தது என்பது நமக்குத் தெரியும்.

அந்தக் கதையின் பெயரைத் திருநெல்வேலியில் ஒரு திரைப்பட இயக்கம் தனக்கு வைத்துக்கொண்டது. நாம் பார்க்காமல் பேசிய படங்களை ஜனங்களுக்குத் திரையிட்டுக் காட்டியது அது. 1999 ஜூலை 23ஆம் தேதி, கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலைக்காகவும் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கியவர்களில் பலர் கரையேறவில்லை. பெண்கள் உட்பட 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. 'காஞ்சனை' இயக்கத்தின் ஆர்.ஆர். சீனிவாசன் அதே வருஷம் 'நதியின் மரணம்' என்ற ஆவணப் படத்தை எடுத்தார். அதில் வண்ணம் சரியில்லை. ஒலி சரியில்லை. தடியோடு ஓடுகிறவர்கள், ஆற்றுக்குள் இறங்குகிறவர்கள், பிறகு கரையில் பேசுகிறவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மனிதர்கள் பின்னோக்கி நடப்பதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சஸ்பீரியாவில் ஒரு கணம்கூட அது நேரவில்லை.

ஆவணப் படத்தையும் கற்பனைப் படத்தையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். பயங்கரப் படங்கள் எல்லாம் சமூகப் பிரக்ஞையோடு இருக்கவேண்டும் என்று சொல்லும் கோஷ்டியைச் சேர்ந்தவனும் அல்ல நான். பேய்க்குப் பேயாக இருக்கும் உரிமை உண்டு. என் குறை வேறு. தன் பொறுப்பில் வந்தவர்களைத் தின்று வாழும் ஒரு ஸ்தாபனம் என்ற அபூர்வமான விஷயம் அர்ஜென்ட்டோவின் கையில் இருந்தது. கைப்பிடியை உயர்த்தி வைத்தபோது அவர் அதைத் தொட்டும் விட்டார். பிறகு, எல்லாவற்றுக்கும் காரணம் உள்ளறையில் படுத்திருக்கும் ஒரு கிழவி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். கிழவியைக் குத்தினால் கட்டடம் எரியும், பெண் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். பயத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகப் பெரிய ஆறுதல் வார்த்தை இதுதான். இதைத்தான் உலகத்தின் மிகப் பயங்கரமான படம் என்று நாம் கேள்விப்பட்டோம்.

நியூயிங்டனில் ஒருவர் செத்தார், ஸ்தாபனம் எரியவில்லை. வாரிசு மலைக்குத் திரும்பினார். காடு கை மாறியது. கை மாறியதில் மூன்று நாலு தலைமுறை லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தது. குத்தகை முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கையில், 2024 ஜூனில், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்திக்கொண்டது. தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று பெயர் சூட்டினார்கள். தோட்டத்தை அரசே எடுத்து நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை அந்த வருஷ டிசம்பரில் ஹைகோர்ட் ஏற்கவில்லை. காடு காடாகட்டும் என்கிறார்கள். அது தேவையானதும்கூட. தேயிலைச் செடிக்கு ஆளில்லாவிட்டால் மரமாக வளரும். ஆனால் ராத்திரி முழித்துக்கொண்ட அந்த அம்மாளின் பயம் இப்போது மலை முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. உள்ளறையைத் திறந்து பார்த்தால் அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. ஒரு பத்திரம் இருக்கிறது. அதன் தேதி 1929.

சஸ்பீரியா மகத்தான படைப்பு என்று பார்க்காமல் எழுதிய என் இரண்டு வாக்கியங்களையும் இத்துடன் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.